ரேக்கு போட்டோ கொள்ளாம், நெட்டு போனா எந்த லைட்டப் பாக்கணும்?

மொதல்ல கொஞ்சம் பீத்திக்கிடுறேன், அப்புறம் சோலிக்கு வாறேன். கன்னியாகுமரி மாவட்டம் தக்கலை பக்கம் எங்க வீட்டுல தாத்தா காலத்துல நெல்லு போட்டு வச்ச அறப்பொரை ஒண்ணு சும்மா கெடந்துது, எலிப்புழுக்கையும் பழைய உரச்சாக்குமா. அதத் தூத்து வெள்ளையடிச்சு இப்ப நெட்டு பெட்டிகள அடுக்குற இரும்புச் சட்டம், ஒம்பது யூ (ஒம்பது தட்டு) ரேக்கு ஒண்ணு நிறுத்திருக்கேன். மேல வயரெல்லாம் வந்து சேருற பன்னெண்டு போர்ட் பேட்ச் பேனல், அடுத்தது நெட்டு வயர்லயே கரண்டும் குடுக்கிற எட்டு போர்ட் பிஓஇ ஸ்விட்ச், அதுக்குக் கீழ விசிறியே இல்லாத அலுமினியப் பெட்டி, இன்டெல் என்100 சிப்பு, நாலு 2.5 ஜிகாபிட் போர்ட், அதுல நெட்டுக்குக் காவல் நிக்கிற ஃபயர்வால் சாஃப்ட்வேர் ஓபிஎன்சென்ஸ் ஓடுது. அப்புறம் ஃபைபர்ல வாற வெளிச்சத்த நெட்டா மாத்துற, நெட் கம்பெனி குடுத்த ஓஎன்டி, பன்னெண்டு வோல்ட் மினி யுபிஎஸ், அவசரத்துக்கு ஒரு பழைய மைக்ரோடிக் ஹெக்ஸ் ரவுட்டர். பேட்ச் கார்டு எல்லாம் ஒரே நீலம், ஒரே நீளம், எண்ண தேச்சு தலை சீவி விட்ட மாதிரி இருக்கும்.

ஆபீஸ் செட்டப்பும் ஒண்ணு உண்டு, எனக்கது இல்ல, பெரியப்பா மகன் அண்ணனுக்கது. மார்த்தாண்டத்துல ரப்பர் ஷீட்டு வாங்கி விக்கிற எடம். அங்க பழைய ஆபீஸ் கம்ப்யூட்டர் ஒண்ண வாங்கி ரெண்டு போர்ட் இன்டெல் கார்டு சொருகி ஃபயர்வால் ஆக்கினேன், பில்லிங், கேமரா, வாறவங்களுக்கான வைஃபைன்னு மூணு விலேன் (ஒரே செட்டப்புல தனித்தனியாப் பிரிச்ச நெட்டு), எழுவது மீட்டர் தள்ளி குடோன்.

போட்டோவுல இதெல்லாம் சமத்தா நிக்கும். ஆனா இதுல இருக்கிற ஒவ்வொரு பெட்டியும் ஒருநாள் என்னய முட்டாளாக்கினதுதான், நான் செஞ்ச தப்பும் ஒவ்வொரு தடவையும் ஒண்ணுதான், நேரா லேப்டாப்பத் தொறந்து ஃபயர்வால் ரூலுக்குள்ள கைய விட்டது. கோளாறு இருந்தது அடாப்டர்லயும் வயர்லயும் எர்த்துக் குழியிலயும். அதனால கீழ உள்ளதெல்லாம் வெளிய இருந்து உள்ள வாற வரிசையில எழுதிருக்கேன், மொதல்ல வெளிச்சம், அப்புறம் கரண்டு, வயரு, அட்ரஸ், பேரு, எல்லாம் பாத்து முடிச்சாத்தான் ரூல். நடுவுல கொஞ்சம் முன்ன பின்ன போகும், பொறுத்துக்கிடுங்க.

ஓஎன்டில செவப்பு மினுங்குது

எல்ஓஎஸ்னு எழுதின எடத்துல செவப்பு வந்தா ஒரு பட்டனையும் தொடவேண்டாம். ஃபைபர்ல வெளிச்சம் வரல, அவ்வளவுதான். ஃபயர்வாலுக்கோ ஸ்விட்சுக்கோ இதுல பங்கில்ல. பச்சைக் கனெக்டர் முழுசா உள்ள போயிருக்கா, வயரு ஜன்னல் கதவுக்கு எடையில நசுங்கிருக்கா, மிச்சத்த இறுக்கமா சுருட்டி ஆணியில கட்டிருக்கான்னு பாருங்க. ஃபைபர சின்ன வட்டமா மடக்கினா ஒடையாட்டாலும் வெளிச்சம் பக்கவாட்டுல கசிஞ்சிரும். அப்புறம் போஸ்ட்ல இருந்து வீடு வரைக்கும் ஒரு தடவ அண்ணாந்து பாத்துக்கிட்டே நடங்க, தென்னையும் பிலாவும் இல்லாத விளை நம்ம ஊர்ல ஏது. கழத்தின கனெக்டர கண்ணுக்கு நேரா மட்டும் புடிச்சுப் பாக்காதீங்க, அந்த லேசர் கண்ணுக்குத் தெரியாது, தெரியலங்கிறதுக்காக கண்ண விட்டுவைக்காது.

செவப்பு இல்ல, பான் லைட்டு (கம்பெனிப் பெட்டியோட சேந்தாச்சான்னு காட்டுறது) மட்டும் பச்சையா மினுங்கிக்கிட்டே இருக்குன்னா அது வேற. வெளிச்சம் வருது, அங்கிட்டு எக்ஸ்சேஞ்சுல உள்ள பெட்டி உங்க ஓஎன்டியச் சேத்துக்கல. ஓஎன்டி பேஜுக்குள்ள போயி ஆர்எக்ஸ் பவர், அதாவது வந்து சேருற வெளிச்சம், எவ்வளவுன்னு பாருங்க. மைனஸ் 8ல இருந்து மைனஸ் 27 டிபிஎம்க்குள்ள இருக்கணும். மைனஸ் 20 பக்கம்னா நிம்மதி, 26னா எப்ப வேணாலும் போகும். இந்த நம்பர எழுதி வச்சுக்கிட்டு போன் பண்ணுங்க. "நெட்டு இல்ல"ன்னு சொன்னா ரீஸ்டார்ட் பண்ணச் சொல்லுவாங்க, "மைனஸ் 29 காட்டுது"ன்னு சொன்னா ஏணியோட வருவாங்க.

தானா ஆஃப் ஆகி ஆன் ஆகுது, அதுவும் ராத்திரி எட்டு மணிக்கு

மூணு வாரம் என்னய அலக்கழிச்சது இது. பகல் முழுக்க பெட்டி ஓடும், ராத்திரி எல்லாரும் வீடு வந்து ஆளுக்கொரு படம் போட்ட ஒடனே ஒரு தடவ செத்து எழும்பும். நான் அப்டேட்டப் பழைய வெர்ஷனுக்கு மாத்தினேன், ஊடுருவல் கண்டுபிடிக்கிற சுரிகாட்டாவ நிறுத்தினேன், ரேம கழத்தித் தொடச்சேன். கடைசில லாக பொறுமையா வாசிச்சப்பதான் புரிஞ்சுது. ஒழுங்கா ஷட்டவுன் ஆனா லாக்ல ஒரு வரி இருக்கும். சிஸ்டம் க்ராஷ் ஆனா பொதுவா அதுக்கொரு தடயம் இருக்கும். இங்க எட்டு பத்துக்கு ஒரு சாதாரண வரி, அடுத்த வரி நேரா பூட் ஆகுறது, நடுவுல வெறும் வெள்ளை. அப்படின்னா பெட்டிக்கே தெரியாம கரண்டு போயிருக்கு.

மல்டிமீட்டர எடுத்து அடாப்டர சும்மா அளந்தா 12.2 வோல்ட், ரொம்ப யோக்கியமா நிக்குது. பெட்டியில சொருகி லோடோட அளந்தேன், பத்தரைக்கு எறங்குது, ஸ்பீடு டெஸ்ட் போட்டா இன்னும் எறங்குது. சாயங்காலம் ஊரு முழுக்க லோடு ஏறி வோல்ட்டேஜ் கொறையிற நேரம் வேற. அடாப்டர ஒடைச்சுப் பாத்தேன், உள்ள ரெண்டு கெப்பாசிட்டர் தலை பணியாரம் மாதிரி உப்பி, ஒண்ணுல காப்பிக் கறை மாதிரி ஒழுகி காஞ்சிருக்கு. புதுசு வாங்கும்போது வோல்ட் அதே இருக்கணும், ஆம்பியர் கூட இருந்தா பரவால்ல கொறைய இருக்கக் கூடாது, முனையில நடுவுல பிளஸ்ஸா மைனஸ்ஸான்னு படம் போட்டிருக்கும், அதையும் ஒத்துப் பாத்துக்கிடணும்.

இதே மாதிரி கரண்டு போற ஒவ்வொரு தடவையும் இன்வெர்ட்டர் இருந்தும் பெட்டி ரீபூட் ஆகுதுன்னா, இன்வெர்ட்டருக்குப் பின்னால குனிஞ்சு பாருங்க. நிறைய மாடல்ல யுபிஎஸ்னு ஒரு பக்கமும் எக்கோ இல்லாட்டி நார்மல்னு இன்னொரு பக்கமும் போட்டு சின்ன ஸ்விட்ச் ஒண்ணு உண்டு. ஃபேனுக்கும் பல்புக்கும் எதுல கெடந்தாலும் தெரியாது. கம்ப்யூட்டர் சாமானுக்கு அது யுபிஎஸ் பக்கம் இருக்கணும், அப்பத்தான் கரண்டு மாறுற இடைவெளி சிறுசா இருக்கும். அதுலயும் நிக்கலன்னா மினி யுபிஎஸ் போடுங்க, ஆனா கூட்டிப் பாத்துட்டு போடுங்க. ரெண்டு ஆம்பியர் யுபிஎஸ்ஸ வாங்கி அதுல ஒரு ஆம்பியர் ஓஎன்டியும் மூணு ஆம்பியர் கேக்குற பெட்டியும் தொங்கவிட்டா அது என்ன பண்ணும் பாவம். 2017 நவம்பர் கடைசில ஒக்கி புயல் அடிச்சு போஸ்ட் எல்லாம் சாஞ்சு கெடந்தப்ப நாள்கணக்கா கரண்டு இல்ல, அந்த மாதிரி நேரத்துக்கு ஒரு யுபிஎஸ்ஸும் காணாது, அது வேற. ஆனா சாதாரண நாள்லயே ஆரல்வாய்மொழில கரண்டு எடுக்கிற காத்தாடி சுத்துறதப் பாத்துக்கிட்டே இருட்டுல உக்காந்திருக்கிறதுக்கு ஒரு மினி யுபிஎஸ் ஆறுதல்தான்.

கரண்டு போயி வந்த பெறவு பெட்டி எழும்பவே இல்லன்னா ஒரு மானிட்டர மாட்டிப் பாருங்க. டிஸ்க் கெட்டுருச்சுன்னு ஃபைல் சிஸ்டம் செக் கேட்டு நிக்கும், பழைய யுஎஃப்எஸ் ஃபைல் சிஸ்டத்துல போட்டிருந்தா இது சகஜம். மறுபடி இன்ஸ்டால் பண்ணும்போது இசட்எஃப்எஸ் தேர்ந்தெடுங்க, திடீர்னு கரண்டு போறத அது நல்லாத் தாங்கும்.

பிங் போகுது, ஆனா ஒரு சைட்டும் தொறக்கல

கூகுளுக்க 8.8.8.8க்கு பிங் (ஒரு சின்ன பாக்கெட் அனுப்பிப் பாக்குறது) போட்டா பதில் வருது, பேரு போட்டு எந்த சைட்டத் தட்டினாலும் வரல. பேர ஐபி நம்பரா மாத்துற டிஎன்எஸ்ல கோளாறுன்னு யாரும் சொல்லிருவாங்க. ஏன் கோளாறுங்கிறதுதான் விசயம். எங்க வீட்டுல ஒரு கல்யாணத்துக்காக ஒரு வாரம் மெயின ஆஃப் பண்ணிட்டு சென்னை போயி வந்தோம். வந்து போட்டா இந்த நெலம. ஃபயர்வாலுக்குள்ள பேரத் தேடிக் குடுக்கிற அன்பவுண்ட ரீஸ்டார்ட் பண்ணினேன், டிஎன்எஸ் சர்வர மாத்தினேன், ஒரு பிரயோஜனமும் இல்ல. தற்செயலா டாஷ்போர்டு மூலையில பாத்தா தேதி பல வருசம் பின்னால நிக்குது.

பதிலு நெசமான்னு சரிபாக்குற டிஎன்எஸ்செக் ஆன் பண்ணி வச்சிருந்தா ஒவ்வொரு பேருக்கும் வாற பதில்ல ஒரு கையெழுத்து இருக்கும், அதுக்கு இந்தத் தேதில இருந்து இந்தத் தேதி வரைக்கும் செல்லும்னு கணக்கு உண்டு. பெட்டியோட கடிகாரம் பின்னால இருந்தா, "இந்தக் கையெழுத்து இன்னும் போடவே இல்லியே"ன்னு எல்லாப் பதிலையும் தள்ளிரும். சரி, கடிகாரத்த நெட்டுல இருந்து சரி பண்ணிக்கிடலாமேன்னா, நேரம் சொல்லுற என்டிபி சர்வரும் பேராத்தான் போட்டிருக்கும், அந்தப் பேரத் தேடப்போனா டிஎன்எஸ் வேணும். கோழியும் இல்ல முட்டையும் இல்ல.

கன்சோல்ல ஷெல்லுக்குப் போயி டேட்னு அடிச்சு, எடைவெளி விட்டு வருசம் மாசம் தேதி மணி நிமிசம் எல்லாத்தையும் சேத்து ஒரே நம்பரா அடிங்க, ஒடனே நெட்டு வந்திரும். அப்புறம் என்டிபி லிஸ்ட்ல பேரோட சேத்து ஒரு ஐபியும் போட்டு வையுங்க, கூகுளுக்க டைம் சர்வர் ஒண்ணு 216.239.35.0. நோய்க்குக் காரணம் மெயின் இல்லாதப்ப கடிகாரத்த ஓட்டுற சிஆர்2032 பட்டன் பேட்டரி. இந்த விசிறியில்லாப் பெட்டிகள்ல அது ஹோல்டர்ல இருக்காது, கறுப்பு டேப் சுத்தி ரெண்டு வயரோட குட்டி பிளக்குல மாட்டி மதர்போர்டு ஓரத்துல சொருகி வச்சிருப்பான், மூணு வோல்ட் காட்ட வேண்டியது எனக்கதுல ஒண்ணே முக்கால். அடியில நாலு ஸ்க்ரூ கழத்தினா போதும். சும்மாவே சூடுல கெடக்கிற பெட்டி, பேட்டரி சீக்கிரம் போகும். பழைய கம்ப்யூட்டர ஃபயர்வால் ஆக்குறவங்க இதக் கேட்டுக்கிடணும், பேட்டரிய மொத நாளே மாத்திருங்க.

புது ஃபயர்வால் மாட்டினதும் ஒண்ணுமே ஓடல

இத சுருக்கமா முடிச்சிரலாம். ஓபிஎன்சென்ஸ், அதே மாதிரி ஃபயர்வாலான பிஎஃப்சென்ஸ், ரெண்டும் பெட்டியத் தொறந்த ஒடனே லேன்ல (வீட்டுப் பக்கம்) 192.168.1.1தான். நெட்காரன் குடுக்கிற ஓஎன்டியும் நெறைய எடத்துல அதே 192.168.1.1. ரெண்டு பக்கமும் ஒரே தெரு, ஒரே வீட்டு நம்பர், பெட்டிக்கு எந்தப் பக்கம் போறதுன்னே தெரியாது. வான் (நெட்டு வாற பக்கம்) வயர மாட்டுறதுக்கு முன்னாலயே லேன 192.168.50.1, 10.20.30.1ன்னு எதாவதா மாத்திருங்க. பத்துல எட்டு பேரு போன்ல கூப்பிட்டு என்கிட்ட கேக்குறது இதுதான், நானும் மொத தடவ பாதி ராத்திரி இதுல முழிச்சிருக்கேன்.

சில சைட்டு பறக்குது, சிலது சுத்திக்கிட்டே நிக்குது

தேடுற சைட்டு வரும், வீடியோ வரும், பேங்கு சைட்டு பாதி வந்து நிக்கும், கவர்மென்ட் ஃபார்ம் அப்லோடு ஆகாது. யூசர்நேம் பாஸ்வேர்டு போட்டுச் சேருற பிபிபிஓஇ கனெக்‌ஷன்னா எம்டியூவத்தான், ஒரு பாக்கெட் எவ்வளவு பெருசா இருக்கலாங்கிற அளவத்தான், மொதல்ல சந்தேகப்படணும். சாதாரணமா ஒரு பாக்கெட்டுக்கு 1500 பைட், பிபிபிஓஇ அதுல எட்டு பைட்ட தன் தலைப்பாகைக்கு எடுத்துக்கிடும், மிச்சம் 1492. நடுவுல எவனாவது பிங்கும் பிழைத் தகவலும் போற ஐசிஎம்பிய முழுசா அடச்சு வச்சிருந்தா, "சைஸ் பெருசு, கொறச்சு அனுப்பு"ங்கிற தகவல் போய்ச் சேராது, பெரிய பாக்கெட் எல்லாம் கேணியில போட்ட கல்லுதான். விண்டோஸ்ல உடைக்காம அனுப்பச் சொல்லி 1464 சைஸ்ல பிங் போடுங்க, போகணும். 1472ல போட்டா போகாது. அப்படின்னா ஃபயர்வால்ல எம்எஸ்எஸ் (பாக்கெட்டுக்குள்ள போற சரக்கோட அளவு) 1452 ஆகுற மாதிரி கிளாம்ப் பண்ணி மட்டுப்படுத்துங்க. பி.கு. ஓபிஎன்சென்ஸ்ல எம்எஸ்எஸ் கட்டத்துல போடுற நம்பர்ல இருந்து அதுவே நாப்பது கழிச்சுக்கிடும், கட்டத்துக்குக் கீழ உள்ள குறிப்ப வாசிச்சுட்டுப் போடுங்க, நான் வாசிக்கல. ஐசிஎம்பிய அடச்சாத்தான் பாதுகாப்புன்னு நெனச்சு அடச்ச ஆளும் நான்தான், அதையும் ஒத்துக்கிடுறேன்.

ஸ்பீடு 94க்கு மேல ஏறவே மாட்டேங்குது

முந்நூறு எம்பிபிஎஸ் பிளான் போட்டு 94 காட்டினா பிளான்ல கோளாறில்ல, எங்கயோ ஒரு வயரு நூறுலதான் பேசிக்கிட்டிருக்கு. ஜிகாபிட்டுக்கு நாலு ஜோடியும் வேணும், நூறுக்கு ஆரஞ்சு ஜோடியும் பச்சை ஜோடியும் போதும். நீலத்துலயோ பிரவுன்லயோ ஒரு கம்பி தொடலன்னா லிங்க் நூறுக்கு எறங்கி சத்தம் காட்டாம ஓடும், சிலது எறங்கவும் செய்யாம விட்டு விட்டு வரும். ஸ்விட்ச்ல லைட்டு நிறம் மாறுதான்னு பாத்தாலே எந்த போர்ட்டுன்னு தெரிஞ்சிரும்.

க்ரிம்ப்ப நல்லா பாருங்க, கம்பி எட்டும் கனெக்டர் முனையைத் தொட்டு நிக்கணும், வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பிரவுன், பிரவுன். குளச்சல், முட்டம், மணக்குடி பக்கம் கடலோரத்துல வெளிய மாட்டின ஆக்சஸ் பாயிண்டுன்னா கனெக்டரக் கழத்தி வெயில்ல புடிச்சுப் பாருங்க, தங்க நெறத்துல இருக்கவேண்டிய பல்லு பச்சை பூத்திருக்கும். உப்புக்காத்து ஒரு மழைக்காலத்துல செய்யிற வேலை அது. தொடச்சு மாட்டினா ரெண்டு மாசம் வரும். வெட்டி புதுசு க்ரிம்ப் பண்ணி, மூடி போட்ட கனெக்டரா மாத்தி, வயரு மேல இருந்து நேரா உள்ள எறங்காம கீழ ஒரு வளையம் தொங்கவிட்டு மேல ஏத்துங்க, அப்பத்தான் தண்ணி வளையத்துலயே சொட்டிரும்.

எல்லாம் சரியா இருந்தும் கேமரா ராத்திரி மட்டும் செத்துச் செத்து வருதுன்னா, வயரு வாங்கின கடையத்தான் நெனச்சுக்கிடணும். கேட்6னு மேல எழுதிருக்கும், உள்ள அலுமினியத்துக்கு செம்பு முலாம். கத்தியால கம்பியச் சுரண்டினா வெள்ளி மாதிரி தெரிஞ்சா அதுதான். செம்ப விட ரெசிஸ்டன்ஸ் பாதிக்கு மேல கூட, ராத்திரி கேமராவுல இன்ஃப்ராரெட் பல்பு எரிஞ்சு கூடக் கரண்டு இழுக்கும்போது வழியிலயே வோல்ட் எறங்கிரும். பிஓஇன்னா சாதாரண ஏஎஃப் வகையில போர்ட்ல 15.4 வாட் குடுத்தாலும் கடைசில சாமானுக்கு 12.95தான் கணக்கு, அதுவும் நல்ல செம்புல. அண்ணனுக்க குடோன்ல நாலு கேமராவுக்கும் வயர மாத்தித்தான் தீந்துது.

இடி வெட்டின மறுநாள் ஒரு போர்ட் மட்டும் செத்துக் கெடக்கு

இது நம்ம ஊருக்கே உள்ள நோக்காடு. மேட மாசமும் துலாம் மாசமும் (சித்திரையும் ஐப்பசியும்) மத்தியானம் தாண்டினா மலைப்பக்கம் கறுத்துக்கிட்டு வரும், ஒரு வெட்டு வெட்டும், நேரா வீட்டுல விழணும்னு இல்ல, அரை கிலோமீட்டர் தள்ளி விழுந்தாலும் ரெண்டு கட்டடத்துக்கு நடுவுல இழுத்த செம்பு வயரு அத வாங்கி உள்ள கொண்டு வந்திரும். ஆபீஸ்ல இருந்து குடோனுக்கு அண்ணன் எழுவது மீட்டர் ஈதர்நெட்ட வாழைக்கும் தென்னைக்கும் நடுவுல தொங்கவிட்டிருந்தாரு. மூணு வருசத்துல ரெண்டு ஸ்விட்ச், ஒரு டிவிஆர், ஃபயர்வாலுக்க ஒரு லேன் போர்ட். கடைசி தடவ போன்ல கேட்டது இப்படி:

"லேய், நீ பெட்டி கொண்டு வச்ச பெறவுதான் இந்த எளவெல்லாம் வருவு."

"அண்ணே, பெட்டிக்கு முன்னாலயும் ஸ்விட்ச் போச்சுல்லா, மறந்துட்டியளா?"

"அது இடி."

"இதும் இடிதாம்ண்ணே."

செத்த போர்ட்ட கண்டுபிடிக்கிறது லேசு, வயர மாட்டினா லைட்டே வராது, பக்கத்து போர்ட்ல வரும். சில நேரம் லைட்டு வரும், ஆனா பாக்கெட் எல்லாம் எர்ரராப் போகும், ஓபிஎன்சென்ஸ்ல இன்டர்ஃபேஸ் ஓவர்வியூல எர்ரர் நம்பர் ஏறிக்கிட்டே இருந்தா அத நம்பாதீங்க. கார்டு தனியா சொருகினதா இருந்தா கார்ட மாத்தினா முடிஞ்சுது. என்100 மாதிரிப் பெட்டின்னா மிச்ச மூணு போர்ட்ட வச்சு இன்டர்ஃபேஸ மாத்தி அமைச்சு ஓட்டவேண்டியதுதான்.

மறுபடி போகாம இருக்க ஒரே வழி, கட்டடத்துக்கும் கட்டடத்துக்கும் நடுவுல செம்பு வேண்டாம். ஃபைபர் இழுத்து ரெண்டு முனையிலயும் மீடியா கன்வெர்ட்டர் வச்சோம். ஒத்தை இழையில ஓடுற கன்வெர்ட்டர் ஜோடியா வரும், ஏ ஒரு பக்கம் பி ஒரு பக்கம், ஒண்ணு 1310 நானோமீட்டர்ல அனுப்பி 1550ல வாங்கும், மத்தது தலைகீழா. கடைப்பையன் ரெண்டும் ஏயா எடுத்துக் குடுத்துட்டான், ஒரு மத்தியானம் முழுக்க ஃபைபர் லைட்டு வராம நின்னது அதுக்குத்தான். இன்னொண்ணு, போஸ்ட்ல இழுக்கிற ட்ராப் ஃபைபர் வயர்ல கூடவே ஒரு இரும்புக் கம்பி தாங்குறதுக்குன்னு ஒட்டி வரும். ஃபைபர்தானே இடி வராதுன்னு அத அப்படியே வீட்டுக்குள்ள ஓஎன்டி வரைக்கும் கொண்டு வாறாங்க. கட்டடத்துக்கு வெளியவே அந்தக் கம்பியப் பிரிச்சு வெட்டி, கொக்கியில கட்டி நிறுத்திருங்க, உள்ள வெறும் இழை மட்டும் போகட்டும்.

ரேக்கத் தொட்டா சுருக்குன்னு இழுக்குது

வெறுங்கால்ல நின்னு ரேக்குக் கதவத் தொட்டா எறும்பு கடிச்ச மாதிரி. ரெண்டு குச்சி அடாப்டர் நாலஞ்சு ஒரே இரும்புச் சட்டத்துல சேந்தா அதுக்குள்ள இருக்கிற ஃபில்டர் கெப்பாசிட்டர் வழியா கொஞ்சம் கசியும், எர்த் இல்லன்னா அது உங்க வழியாப் போகப் பாக்கும். மல்டிமீட்டர்ல சட்டத்துக்கும் எர்த்துக்கும் அளந்தா நூறு வோல்ட் பக்கம்கூட காட்டும், கரண்டு சொற்பம்தான். ஆனா கசிவா இல்ல நிஜமாவே லைன் சட்டத்துல படுதான்னு நம்ம கையால தொட்டு முடிவு பண்ணக் கூடாது, மெயின அணைச்சுட்டு வயர்மேனக் கூப்பிடுங்க. எங்க வீட்டுல மூணாவது குச்சி சாக்கெட்ல இருந்துது, வயரு பின்னால எங்கயும் போகல, சும்மா அழகுக்கு. கரியும் உப்பும் போட்ட எர்த்துக் குழி தெங்குக்குப் பின்னால எங்கயோ மூடிக் கெடந்தத தோண்டி எடுத்து, ரேக்குச் சட்டத்துல பச்சை வயரு இழுத்து மாட்டினோம். பங்குனி வெயில்ல குழி காஞ்சா ரெண்டு கொடம் தண்ணி ஊத்துவாங்க அம்மா.

ஆபீஸ்ல பாதிப் பேருக்கு நெட்டு உண்டு, பாதிப் பேருக்கு இல்ல

நெட்டு இல்லாதவங்க மெஷின்ல ஐபிய மட்டும் பாருங்க. நீங்க குடுத்தது 10.20.30 வரிசை, அவங்களுக்கு 192.168.0 வரிசைன்னா, வேற யாரோ உள்ள உக்காந்து அட்ரஸ் பங்கு வச்சுக் குடுக்கிறாங்கன்னு அர்த்தம். வைஃபை எட்டலன்னு ஒருத்தர் வீட்டுல கெடந்த பழைய ரவுட்டரக் கொண்டு வந்து, வான்ல மாட்டாம லேன்ல மாட்டிருப்பாரு. எங்களுக்கு அது கணக்கெழுதுற மாமா. விண்டோஸ்ல ஐபிகான்ஃபிக் ஆல் கமாண்ட் அடிச்சு, டிஹெச்சிபி சர்வர்னு (அட்ரஸ் பங்கு வைக்கிற ஆளு) வாற அட்ரஸ ப்ரௌசர்ல தட்டினா அந்த ரவுட்டருக்க லாகின் பேஜே வந்து நிக்கும், மாடல் பேரோட. அத எடுத்துட்டு, ஸ்விட்ச்ல டிஹெச்சிபி ஸ்னூப்பிங் ஆன் பண்ணினேன், இனி எவரு மாட்டினாலும் அட்ரஸ் குடுக்க முடியாது. மாமாவுக்கு சங்கடம் வராம மேசைக்கு மேல ஒரு ஆக்சஸ் பாயிண்டும் வச்சாச்சு.

பாதி இல்ல, மொத்தமும் போயி, ஸ்விட்ச்ல எல்லா லைட்டும் ஒரே தாளத்துல பித்துப் புடிச்ச மாதிரி அடிக்குதுன்னா, யாரோ ஒரே வயருக்க ரெண்டு முனையையும் ஸ்விட்ச்லயே சொருகிட்டாங்க. கடைசியா சொருகினத உருவுங்க. இப்படி வளையம் வந்தா அடைக்கிற எஸ்டிபிய ஆன் பண்ணுங்க.

வெளிய இருந்து கேமரா பாக்க முடியல

வெளிய இருந்து வாறத கேமராவுக்குத் திருப்பி விடுற போர்ட் ஃபார்வர்டு பண்ணியாச்சு, ரூல் சரி, இருந்தும் வரல. ஃபயர்வால்ல வான் ஐபியப் பாருங்க. 100.64ல இருந்து 100.127 வரைக்கும் எதுலயாவது ஆரம்பிச்சா, அது உங்களுக்குன்னு உள்ள அட்ரஸ் இல்ல, 2012ல ஆர்எஃப்சி 6598 மூலமா கம்பெனிக்காரங்க நிறைய வீட்டுக்கு ஒரே வெளி அட்ரஸப் பங்கு போடுறதுக்குன்னே ஒதுக்கின வரிசை. நீங்க எத்தன கதவு தொறந்தாலும் தெருக்கதவு அவங்க கையில. காசு கட்டி ஸ்டாட்டிக் ஐபி வாங்கலாம், இல்லன்னா வெளிய ஒரு சின்ன சர்வர் எடுத்து வீட்டுல இருந்து அதுக்கு வயர்கார்டுங்கிற விபிஎன் போடலாம், இருபத்தஞ்சு நொடிக்கு ஒரு தடவ கீப்அலைவ் அனுப்பினா வழி மூடாது. கேமராவ நேரா நெட்டுல தொறந்து வைக்கிறதவிட இது நூறு மடங்கு மேல், ஸ்டாட்டிக் ஐபி இருந்தாலும் நான் இதத்தான் செய்வேன்.

டவுன்லோடு போட்டா மீட்டிங்ல கொரல் ஒடையுது

ஸ்பீடு பத்தாமத்தான்னு பெரிய பிளானுக்கு மாறாதீங்க. லைனு நெறஞ்சப்ப வரிசை எங்கயோ நீண்டு நிக்குது. ஓபிஎன்சென்ஸ் ஷேப்பர்ல வரிசைய சீராக்குற எஃப்கியூ-கோடெல் போட்டு, நெசமா வாற ஸ்பீடுல 90லேர்ந்து 95 சதவீதம் வரைக்கும் அளவு வையுங்க, அப்லோடுக்கும் சேத்து. அஞ்சு பத்து சதவீதம் நட்டம்னு தோணும், மீட்டிங்ல ஆளுக்க கொரலு ஆளுக்க கொரலா வரும்.

நானே என்னய வெளிய போட்டுப் பூட்டிக்கிட்டேன்

ரூலத் தொட்டா இது ஒருநாள் வரும். மானிட்டர மாட்டி கன்சோல் மெனுவுல பதிமூணாம் நம்பர், பழைய பேக்கப்ப திருப்புறது, நேத்தைய கான்ஃபிகரேஷனத் தேர்ந்தெடுத்தா போதும். வெளியூர்ல இருந்துக்கிட்டு ஆபீஸ் ஃபயர்வால் ரூல மாத்தாதீங்க, நான் மாத்தி, ராத்திரி பதினோரு மணிக்கு மார்த்தாண்டத்துக்கு பைக்க விட்டிருக்கேன்.

வீட்டுல நாம இல்லாதப்ப நெட்டு போச்சு

ரேக்கு போட்டோவுல தெரியாத ஒண்ணு உண்டு. ஒவ்வொரு பெட்டி மேலயும் பள்ளிக்கூட நோட்டுல ஒட்டுற லேபிள்ல ஒண்ணு ரெண்டு மூணுன்னு மார்க்கர்ல எழுதிருக்கு, அம்மாவுக்க கையெழுத்து. கதவுக்குப் பின்னால ஒரு தாள்ல ஒண்ணாம் பெட்டியில எந்த லைட்டு பச்சையா இருக்கணும், ரெண்டாம் பெட்டியில எதுன்னு நான் எழுதி ஒட்டினது. போன வாரம் நான் திருநெல்வேலில இருக்கும்போது போன் வந்துது.

"மக்களே, சீரியல் நின்னு போச்சு."

"மூணாம் நம்பர் பெட்டியப் பாருங்கம்மா, செவப்பு உண்டா?"

"மினுங்குவு."

"வேற எதும் தொட்டியளா?"

"நான் என்னத்துக்குத் தொடணும். நிக்கி, நான் வெளிய போயி பாக்கேன்." செருப்புச் சத்தம் கேட்டுது, கோழிய வெரட்டுற சத்தம் கேட்டுது. "கெழக்க நிக்க தெங்குல இருந்து மட்ட விழுந்திருக்கு மக்களே, வயரு வேலியில கெடக்கு. ஏணிக்காரன நான் கூப்பிட்டுக்கிடுகேன், நீ ஒனக்க சோலியப் பாரு."